ஏடு ஆற்றோடு போனது, பொருள் போகவில்லை!

ஆழ்வார் பாட்டுக்கு உரை சொன்னவர்களின் கதை

தேனியிலிருந்து குமுளிக்குப் போகும் சாலையில், மலை ஏறுவதற்கு முன்னால் இருக்கிறது கூடலூர். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் ஊர். நெல்லும் திராட்சையும் விளையும் பூமி.

பெரியாறு மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் ஆறு. அதை அணை கட்டித் தடுத்தார்கள். மலையைக் குடைந்து தண்ணீரைக் கிழக்கே திருப்பினார்கள். 1895-ஆம் ஆண்டு அந்தத் தண்ணீர் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தது. வறண்ட வயல்கள் பசுமை கண்டன.

இந்தக் கூடலூரில் கூடல் அழகிய பெருமாள் கோயில் இருக்கிறது. பெருமாளின் பெயரைக் கேட்டதுமே மதுரை நினைவுக்கு வரும். மதுரைக்குப் பழைய பெயர் கூடல். அங்கே கோயில் கொண்டிருப்பவர் கூடலழகர்.

மார்கழி பிறந்தால் பெருமாள் கோயில்களில் விடியற்காலையில் திருப்பாவை ஒலிக்கிறது. பாட்டு எல்லோர் காதிலும் விழுகிறது. பொங்கலும் எல்லோர் கைக்கும் வருகிறது. ஆனால் பாட்டின் பொருள்? அது எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தப் பொருளைச் சொல்லி வைத்தவர்கள் உண்டு. மலைக்கு அப்பால் இருந்த தண்ணீரை வயலுக்குத் திருப்பியது போல, சிலரிடம் மட்டும் இருந்த பொருளை ஊருக்கெல்லாம் திருப்பி விட்டவர்கள் அவர்கள். அவர்களுடைய கதையில் வெள்ளம் வருகிறது. படையெடுப்பு வருகிறது. கறையான் வருகிறது. எழுதப் படிக்கத் தெரியாத சமையல்காரர் ஒருவரும் வருகிறார்!

தமிழில் ஒரு வேதம்

வேதம் வடமொழியில் இருக்கிறது. அக்காலத்தில் அதை எல்லோரும் ஓதிவிட முடியாது. பெண்களுக்கும் பல குலத்தாருக்கும் அந்த வாசல் அடைபட்டிருந்தது.

ஆழ்வார்கள் பன்னிருவர் தமிழில் பாடினார்கள். அவர்கள் எல்லோரும் ஒரே குலத்தில் பிறந்தவர்கள் அல்லர். நம்மாழ்வார் வேளாளர் குலம். திருப்பாணாழ்வார் பாணர் குலம். ஆண்டாளோ ஒரு பெண்.

அவர்கள் பாடியவை நாலாயிரம் பாசுரங்கள். அவற்றுள் நம்மாழ்வார் பாடிய திருவாய்மொழி மட்டும் 1,102 பாசுரங்கள். வேதம் சொல்வதைத்தான் இதுவும் சொல்கிறது என்று வைணவப் பெரியவர்கள் முடிவு கட்டினார்கள். இதைத் தமிழ் வேதம் என்று போற்றினார்கள்.

ஆனால் இந்தப் பாட்டுகளே ஒரு காலத்தில் மறைந்து போயின.

காட்டுமன்னார்கோயிலில் நாதமுனிகள் என்ற பெரியவர் இருந்தார். ஒரு நாள் வெளியூர் யாத்திரிகர்கள் வந்து பத்துப் பாட்டுகள் பாடினார்கள். அவை ஆயிரத்தில் பத்து என்று கடைசிப் பாட்டிலேயே ஒரு குறிப்பு இருந்தது. மீதி எங்கே என்று நாதமுனிகள் கேட்டார். அவர்களுக்குத் தெரியவில்லை.

நாதமுனிகள் நம்மாழ்வார் பிறந்த ஊரைத் தேடிப் போனார். அதுதான் இன்றைய ஆழ்வார்திருநகரி. அங்கே மதுரகவியாழ்வாரின் கண்ணிநுண்சிறுத்தாம்பை 12,000 முறை ஓதினார். நம்மாழ்வார் அருளால் நாலாயிரமும் அவருக்குக் கிடைத்தன என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன.

பாட்டு கிடைத்துவிட்டது. இனிப் பொருள் வேண்டுமே!

சாமிக்கே திருஷ்டியா?

பொருள் தெரியாவிட்டால் என்ன ஆகும்? அதற்கு மதுரைக் கூடலில் பிறந்த ஒரு பாட்டே சான்று.

பாண்டிய மன்னன் வல்லபதேவன் ஒரு பொற்கிழியைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டான். முழுமுதற் கடவுள் யார் என்று வேதத்தைக் கொண்டு நிலைநாட்டுகிறவருக்கு அந்தப் பரிசு. பண்டிதர்கள் கூடினார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து விஷ்ணுசித்தர் வந்தார். அவர் பூந்தோட்டம் வைத்து, மாலை கட்டி, பெருமாளுக்குச் சாத்தி வந்தவர். திருமாலே பரம்பொருள் என்று அவர் எடுத்துச் சொன்னார். கம்பம் தானாக வளைந்தது. கிழி அவர் கைக்கு வந்தது. அவரே பெரியாழ்வார்.

மன்னன் அவரை யானை மேல் ஏற்றி ஊர்வலம் விட்டான். அதைப் பார்க்கப் பெருமாளே கருடன் மேல் வந்துவிட்டார். பெரியாழ்வார் யானையின் மணிகளை எடுத்துத் தாளம் போட்டுப் பாடினார். என்ன பாடினார்? பெருமாள் பல்லாண்டு வாழ வேண்டும் என்று பாடினார்!

இங்கேதான் கேள்வி எழுகிறது. கடவுளுக்கு ஆயுள் உண்டா? அவரை ஒரு மனிதர் வாழ்த்தலாமா? பெரியவர்தானே சின்னவரை வாழ்த்துவது வழக்கம்?

உரைகாரர்கள் இதற்குச் சொன்ன விடை மிக எளிது. அன்பு அளவு மீறினால் அறிவு தடுமாறும். எதிரே நிற்பவர் உலகைக் காப்பவர் என்பது மறந்து போகும். இவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் மட்டும் மிஞ்சும்.

குழந்தை கொழுகொழுவென்று ஆரோக்கியமாக இருக்கும். ஆனாலும் தாய் அதன் கன்னத்தில் மைப்பொட்டு வைப்பாள். அழகு கூடக் கூட அவளுக்குப் பயமும் கூடும். பெருமாளின் அழகைக் கண்டதும் பெரியாழ்வாருக்கு வந்தது அந்தத் தாயின் பயம். இந்தப் பரிவினால்தான் அவர் ஆழ்வார்களில் பெரியவர் ஆனார் என்று உரை சொல்கிறது.

பொருள் தெரியாதவருக்கு இது வெறும் வாழ்த்துப் பாட்டு. தெரிந்தவருக்கு இது கடவுளுக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு!

பதினெட்டு முறை நடந்தவர்

பொருள் சொல்லும் வழக்கம் அக்காலத்தில் எப்படி இருந்தது? குருவை அடைய வேண்டும். அவர் சோதிப்பார். தகுதி உண்டென்று தோன்றினால், தனியே அழைத்துச் சொல்வார். வேறு யாருக்கும் சொல்லக் கூடாது என்று கட்டளையும் இடுவார்.

ராமானுஜர் 1017-ஆம் ஆண்டு பிறந்தவர். திருமந்திரத்தின் பொருள் கேட்க, ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்தார். கடைசி முறைதான் நம்பி பொருளைச் சொன்னார்.

ராமானுஜர் திருக்கோஷ்டியூர்க் கோயிலில் ஏறி நின்றார். ஆசையுள்ளவர்களை எல்லாம் கூட்டினார். கேட்ட பொருளை அப்படியே சொல்லிவிட்டார்!

நம்பிக்குக் கோபம் வந்தது. குருவின் சொல்லை மீறினால் நரகம் என்பது தெரியாதா என்று கேட்டார். தான் ஒருவன் நரகம் போனாலும் இத்தனை பேர் நற்கதி அடைவார்களே என்றார் ராமானுஜர். நம்பியின் கோபம் கரைந்தது. மாணவரைக் கட்டித் தழுவிக்கொண்டார்.

திருவாய்மொழிக்கு முதல் உரையும் ராமானுஜர் காலத்தில்தான் எழுந்தது. அவருடைய அனுமதியோடு, திருக்குருகைப்பிரான் பிள்ளான் அதை எழுதினார். அதற்கு ஆறாயிரப்படி என்று பெயர்.

“படி” என்றால் என்ன?

அரிசி அளக்கும் படி அல்ல இது. 32 எழுத்துகள் சேர்ந்தது ஒரு படி. ஏட்டில் எழுதிய நூலை அளக்க அந்தக் காலத்தார் வைத்திருந்த கணக்கு.

திருவாய்மொழிக்குப் பெரிய உரைகள் ஐந்து. அவை ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி. கடைசியாகச் சொன்னதற்கு ஈடு என்று பெயர். 36,000 படி என்றால் 11,52,000 எழுத்துகள்! அத்தனையும் பனை ஓலையில் எழுத்தாணியால் கீறியவை.

ஒவ்வோர் உரைக்கும் ஒரு கதை உண்டு.

காவிரியில் வந்த வெள்ளம்

நஞ்சீயர் என்ற துறவி கன்னட நாட்டிலிருந்து ஸ்ரீரங்கம் வந்தவர். பெரும் செல்வர். பராசர பட்டரிடம் வாதில் தோற்று, அவருக்கே சீடர் ஆனார். செல்வத்தைத் துறந்து காவி உடுத்தார். பட்டரிடம் கேட்ட பொருளை எல்லாம் ஒன்பதினாயிரப்படி என்ற உரையாக எழுதினார்.

அதை நல்ல கையெழுத்தில் பிரதி எடுக்க வேண்டும். நம்பூர் வரதராஜர் என்ற இளைஞரைச் சிலர் சொன்னார்கள். நஞ்சீயர் அவருக்கு உரை முழுவதையும் ஒரு முறை சொல்லிக் கொடுத்தார். பிறகு ஓலைச்சுவடியை ஒப்படைத்தார்.

வரதராஜர் தம் ஊரில் உட்கார்ந்து எழுதலாம் என்று புறப்பட்டார். வழியில் காவிரி. ஆற்றில் வெள்ளம். சுவடியைத் தலையில் கட்டிக்கொண்டு நீந்தினார். நடு ஆற்றில் ஓர் அலை அடித்தது. சுவடி தண்ணீரோடு போய்விட்டது!

வேறு பிரதி இல்லை. ஆசிரியரின் உழைப்பு முழுவதும் ஆற்றோடு போயிற்று. கரையேறிய இளைஞருக்கு எப்படி இருந்திருக்கும்?

அவர் அழுதுகொண்டு நிற்கவில்லை. ஆசிரியர் சொன்னதை நினைவில் கொண்டுவந்தார். முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். தமக்குப் புதிதாகத் தோன்றிய நயங்களையும் ஏற்ற இடத்தில் சேர்த்தார். முடித்துக் கொண்டுபோய் ஆசிரியரின் திருவடியில் வைத்தார்.

நஞ்சீயர் பிரித்துப் பார்த்தார். தாம் எழுதியது அப்படியே இருக்கிறது. சில இடங்களில் அதைவிட நன்றாகவும் இருக்கிறது! என்ன நடந்தது என்று கேட்டார். வரதராஜர் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். நஞ்சீயருக்குக் கோபம் வரவில்லை. ஆனந்தம் வந்தது. இவர் நம்முடைய பிள்ளை என்று அணைத்துக்கொண்டார். அன்று முதல் அவருக்கு நம்பிள்ளை என்றே பெயர் நிலைத்தது.

ஓலை போனது. ஆனால் பொருள் மாணவர் நெஞ்சில் இருந்தது. ஆசிரியர் முன்பே சொல்லிக் கொடுத்திருந்ததால்தான் உரை பிழைத்தது.

பெட்டிக்குள் போன உரை

நஞ்சீயருக்குப் பின் நம்பிள்ளை ஸ்ரீரங்கத்தில் திருவாய்மொழிக்குப் பொருள் சொன்னார். கேட்பதற்கு ஜனங்கள் திரண்டார்கள். கலைந்து போகும் கூட்டத்தைப் பார்த்தவர்கள், இது பெருமாளைச் சேவித்துவிட்டு வரும் கூட்டமா, நம்பிள்ளையைக் கேட்டுவிட்டு வரும் கூட்டமா என்று மயங்கினார்களாம்!

அந்தக் கூட்டத்தில் இரண்டு மாணவர்கள் இருந்தார்கள். ஒருவர் பெரியவாச்சான் பிள்ளை. நம்பிள்ளையின் கட்டளைப்படி அவர் இருபத்துநாலாயிரப்படியை எழுதினார். நாலாயிரத்துக்கும் உரை செய்து, உரை உலகின் சக்கரவர்த்தி என்று பெயர் பெற்றார்.

மற்றவர் வடக்குத் திருவீதிப் பிள்ளை. பகலில் ஆசிரியர் சொல்வதைக் கேட்பார். இரவில் வீட்டில் உட்கார்ந்து ஒன்று விடாமல் எழுதுவார். ஆனால் ஆசிரியரிடம் அனுமதி கேட்கவில்லை.

ஒரு நாள் நம்பிள்ளை அவர் வீட்டுக்கு வந்தபோது சுவடிகளைக் கண்டார். படித்தார். உரை அருமையாக இருந்தது. ஆனாலும் கேளாமல் எழுதியது அவருக்குச் சரியாகப் படவில்லை. சுவடியை எடுத்துப் போய்விட்டார். பிறகு அது ஈயுண்ணி மாதவர் என்ற மாணவரிடம் சேர்ந்தது.

ஈடு என்ற அந்தப் பேருரை ஊருக்கு வரவில்லை. மாதவர் தம் மகன் பத்மநாபருக்குச் சொன்னார். பத்மநாபர் நாலூர்ப் பிள்ளைக்குச் சொன்னார். அவர் தம் மகன் நாலூராச்சான் பிள்ளைக்குச் சொன்னார். ஒரு தலைமுறைக்கு ஒருவர்! ஒரே ஒரு நூல் இழையில் ஒரு பெரிய செல்வம் தொங்கிக்கொண்டிருந்தது. இழை எங்காவது அறுந்தால் அதோடு போயிற்று.

உலக்கையில் கொழுந்து

இதற்கிடையில் பெரியவாச்சான் பிள்ளையின் வீட்டில் ஒரு வேடிக்கை நடந்தது.

அங்கே சமையல் வேலை பார்த்தவருக்கு வயது 32. எழுத்து வாசனை கிடையாது. திண்ணையில் பண்டிதர்கள் கூடிப் பேசுவார்கள். ஒரு நாள் அவர் ஆசையோடு அவர்களிடம் போனார். எந்த நூலைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்டார்.

பண்டிதர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். “முஸலகிஸலயம்” என்றார்கள். முஸலம் என்றால் உலக்கை. கிஸலயம் என்றால் தளிர். உலக்கை தளிர்க்குமா? அப்படி ஒரு நூலே கிடையாது. படிக்காதவன் தானே என்று கேலி செய்தார்கள்.

சமையல்காரர் இதைப் பெரியவாச்சான் பிள்ளையிடம் சொன்னார். பெரியவருக்கு மனம் நொந்தது. நீயும் படிக்கலாம் என்று தேற்றினார். தாமே உட்கார்ந்து எழுத்திலிருந்து சொல்லிக் கொடுத்தார்.

சில ஆண்டுகளில் சமையல்காரர் பெரிய பண்டிதர் ஆனார். முதல் வேலையாக ஒரு நூல் எழுதினார். அதற்கு “முஸலகிஸலயம்” என்றே பெயர் வைத்தார். அன்று சிரித்தவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்! உலக்கை தளிர்த்துவிட்டது.

பின்னர் அவர் துறவு பூண்டார். வாதில் எதிரிகளை வென்றார். வாதிகேசரி அழகிய மணவாள ஜீயர் என்று புகழ் பெற்றார். கீதையைத் தமிழ் வெண்பாக்களாகச் செய்தார். திருவாய்மொழிக்குப் பன்னீராயிரப்படி என்ற உரையை எழுதினார்.

அந்த உரையின் சிறப்பு என்ன தெரியுமா? அது சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் சொல்கிறது. மற்றப் பேருரைகளில் நயம் உண்டு, கதை உண்டு. ஆனால் முதன்முதலாகப் படிப்பவனுக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் வேண்டும். வயது வந்த பிறகு எழுத்துக் கற்றவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

குட்டிக் குரங்கும் பூனைக்குட்டியும்

உரைகாரர்கள் பெரிய தத்துவத்தையும் வீட்டுப் பேச்சாகச் சொல்வார்கள்.

கீதையின் 18-ஆம் அத்தியாயத்தில், தன்னைச் சரணடையும்படி கண்ணன் அர்ச்சுனனுக்குச் சொல்கிறான். சரணடைவது என்றால் என்ன? மனிதன் ஏதாவது செய்ய வேண்டுமா? சும்மா இருந்தால் போதுமா?

குட்டிக் குரங்கைப் பாருங்கள் என்றார்கள் ஒரு சாரார். தாய் கிளைக்குக் கிளை தாவுகிறது. குட்டிதான் தாயின் வயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மனிதனும் அப்படிக் கடவுளைப் பற்ற வேண்டும். வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையார் கொள்கைக்கு இதை உவமையாகச் சொல்வார்கள்.

பூனைக்குட்டியைப் பாருங்கள் என்றார்கள் மற்றவர்கள். அது எதையும் பிடிப்பதில்லை. தாய்ப் பூனைதான் வாயால் கவ்வித் தூக்கிப் போகிறது. மனிதன் தடுக்காமல் இருந்தால் போதும், கடவுள் காப்பார். பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையார் கொள்கைக்கு இது உவமை.

இரண்டு கலையாருக்கும் நீண்ட வாதம் உண்டு. ஆனால் இரண்டு உவமையிலும் குட்டியைச் சுமப்பவள் தாய்தான்.

மதுரை மந்திரி

1323-ஆம் ஆண்டு டில்லிப் படை தெற்கே வந்தது. ஸ்ரீரங்கம் கலங்கியது.

வேதாந்த தேசிகர் ஒரு நூலைக் காப்பாற்றினார். ராமானுஜரின் ஸ்ரீபாஷ்யத்துக்கு எழுந்த சுருதப்பிரகாசிகை என்ற விரிவுரை அது. ஏட்டையும், அதை எழுதியவரின் இரண்டு பிள்ளைகளையும் காத்தபடி, அவர் பிணங்களுக்கு நடுவே மறைந்து கிடந்தார் என்று சொல்வார்கள்.

பிள்ளை லோகாசாரியர் பெருமாளைக் காப்பாற்றினார். அவர் வடக்குத் திருவீதிப் பிள்ளையின் மகன். பெண்களுக்கும் வடமொழி தெரியாதவர்களுக்கும் புரியும்படி 18 சிறு நூல்கள் எழுதியவர். நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு, தள்ளாத வயதில் தெற்கே நடந்தார். மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடி வரை வந்தார். யானைமலைப் பக்கத்தில் உள்ள கொடிக்குளம்தான் அது. அங்கேயே அவர் உயிர் பிரிந்தது.

பிரியும் முன் அவர் ஒரு கவலையைச் சொன்னார். திருமலையாழ்வார் என்ற மாணவர் மதுரையில் அரசாங்க வேலையில் மூழ்கிவிட்டார். அவரை மீட்டுக்கொண்டு வர வேண்டும் என்றார்.

கூரகுலோத்தம தாசர் அந்தப் பொறுப்பை ஏற்றார். மந்திரி வரும் வழியில் நின்று நம்மாழ்வாரின் திருவிருத்தத்தைப் பாடினார். மந்திரி நின்றார். பாட்டின் பொருள் என்ன என்று கேட்டார். தாசர் சொல்ல மறுத்துவிட்டார்!

அதிகாரம் உள்ளவர் கேட்டும் ஒருவர் மறுக்கிறார். மந்திரி தண்டிக்கவில்லை. அவர் மனம் உறுத்தியது. தாமே தாசரைத் தேடிப் பாடம் கேட்கத் தொடங்கினார். கேட்கக் கேட்க, பதவி சிறிதாகிப் போயிற்று. மந்திரி வேலையை விட்டார்.

காஞ்சிபுரத்தில் அவர் நாலூராச்சான் பிள்ளையைக் கண்டார். தலைமுறைக்கு ஒருவராக வந்துகொண்டிருந்த ஈட்டுப் பொருள் அவருக்குக் கிடைத்தது. திருவாய்மொழியில் கொண்ட ஈடுபாட்டினால் திருவாய்மொழிப் பிள்ளை என்று பெயர் பெற்றார். ஆழ்வார்திருநகரிக்குப் போய், காடு மண்டிக் கிடந்த ஊரைச் சீர்ப்படுத்தினார்.

ஓராண்டு கேட்ட அரங்கன்

அவரிடம் ஓர் இளைஞர் பாடம் கேட்டார். 1370-ஆம் ஆண்டு பிறந்தவர். அவரே மணவாள மாமுனிகள்.

மாமுனிகள் ஸ்ரீரங்கம் வந்தார். பெருமாளும் திரும்பி வந்திருந்த காலம் அது. கோயில் மண்டபத்தில், நம்பெருமாள் முன்னிலையில், ஊரார் கேட்க, ஈட்டை விரித்துச் சொன்னார். ஓராண்டு நடந்தது அந்தப் பிரசங்கம். அதற்காகப் பெருமாள் தம் உற்சவங்களையே நிறுத்திவைத்தார் என்பது வரலாறு.

ஆனி மாதம் மூல நட்சத்திரத்தன்று பிரசங்கம் நிறைவேறியது. அன்று ஒரு சிறுவன் வந்து, மாமுனிகளைப் போற்றி ஒரு தனியன் சொல்லி மறைந்தான். அந்தச் சிறுவன் அரங்கனே என்பது பக்தர்களின் நம்பிக்கை. இன்றும் தென்கலைக் கோயில்களில் அந்தத் தனியனைச் சொல்லியே பாசுரம் தொடங்குகிறார்கள்.

தனித்தனியே காதோடு காதாகச் சொன்ன பொருள் அன்று மண்டபம் நிறையக் கேட்டது. இழை கயிறாயிற்று. இனி அது அறுந்து போகும் பயம் இல்லை.

கறையான் தின்ற மிச்சம்

மாமுனிகள் செய்த இன்னொரு வேலையும் உண்டு.

பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை எழுதிய உரையில் பெரும் பகுதியைச் செல் அரித்துவிட்டது. ஓலைச்சுவடிக்குக் கறையானைப் போல் எதிரி வேறில்லை.

மாமுனிகள் அழிந்த பகுதிக்குத் தாமே உரை எழுதினார். பழைய உரை எந்த இடத்தில் மீண்டும் கிடைக்கிறதோ, அந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டார். முழுவதையும் புதிதாக எழுதித் தம் பெயரைப் போட்டிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. கிழிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போட்டார். முன்னோர் சொன்னதற்கு அவர் கொடுத்த மரியாதை அது.

அச்சு வந்த பிறகு

அச்சு வந்த பிறகு வெள்ளமும் கறையானும் தோற்றுப் போயின. ஆனால் வேறொரு தடை முளைத்தது. பழைய உரைகள் மணிப்பிரவாள நடையில் இருக்கின்றன. வடமொழியும் தமிழும் அதில் கலந்திருக்கும். நம்பிள்ளை காலத்துக் கேள்வியாளர்களுக்குப் புரிந்தது, பின்வந்தவர்களுக்குப் புரியவில்லை.

அதற்கும் ஆட்கள் வந்தார்கள். காஞ்சிபுரம் பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியர் நாலாயிரத்துக்கும் திவ்யார்த்த தீபிகை என்ற எளிய உரை எழுதினார். பு. ரா. புருஷோத்தம நாயுடு ஈட்டைத் தமிழ் நடையில் ஆக்கினார். சென்னைப் பல்கலைக்கழகம் அதைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. நாலூராரிடம் அடைந்து கிடந்த ஈடு, நூலகத்தில் யார் கேட்டாலும் எடுத்துத் தரும் புத்தகம் ஆயிற்று.

இத்தனை கதையிலும் ஒன்று தெளிவாகிறது. ஒருவரிடம் மட்டும் இருந்த பொருளுக்கு ஒவ்வொரு முறையும் ஆபத்து வந்தது. பலரிடம் போன பிறகு அது பிழைத்தது. சொல்லிக் கொடுத்தவர்களால் பிழைத்தது. வெட்கப்படாமல் கேட்டவர்களாலும் பிழைத்தது. வல்லவர் கேட்டும் வரலாம். சமையல்காரர் கேட்டும் வரலாம்.

திருப்பாவை முப்பது பாட்டு. மார்கழிக்கும் ஏறக்குறைய முப்பது நாள். நாளைக்கு ஒரு பாட்டுக்குப் பொருள் கேட்டாலும், தை பிறப்பதற்குள் முப்பதும் தெரிந்துவிடும். வீட்டில் பாட்டி இருந்தால் பாட்டியைக் கேட்கலாம். பாட்டிக்குப் படிக்கத் தெரியாவிட்டால், பள்ளிக்கூடம் போகும் பேரன் உரையைப் படித்துச் சொல்லலாம்!